கடுப்பு, செய்யல

என் பிரிவு உபசாரத்தன்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து, "சார், உங்க சர்வீஸ்ல மறக்கவே முடியாத ஒரு கேஸ் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நான் பாரிவாக்கத்துப் பையனின் கதையைச் சொன்னேன். மூன்று வயதில் உட்காரத் தெரியாமல் வந்தவன், பத்து வயதில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பள்ளி மேடை ஏறினான். கைதட்டினீர்கள். மைசூர்பாகு சாப்பிட்டோம். அந்தக் கதை உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. மறக்க முடியாத கேஸ் வேறொன்று இருந்தது. அதை மைக்கில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்கிறார்கள். மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கு எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் படித்த பாடம் புதியது. அதனால் நான் செய்த தப்பை எழுதுகிறேன். எழுதும்போதே கூசுகிறது. பரவாயில்லை, எழுதி முடித்துவிடுகிறேன்.

அப்போது நம் மையம் அம்பத்தூரில் பழைய கட்டடத்தில் இருந்தது. ஒரு கூடம், அதை ஒட்டி ஒரு வராந்தா, வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவது என் பழக்கம். அம்மாக்கள் பெஞ்சில் உட்கார வேண்டும். "அம்மா பக்கத்துல இருந்தா புள்ள சலுகை கேட்கும்" என்று காரணம் சொல்வேன். உள்ளிருந்து அழுகைச் சத்தம் வரும். வெளியே அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சம் என்று நான் சொல்வதே தலைக்கனம்தான்.

இன்னொரு ஏற்பாடும் வைத்திருந்தேன். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டு. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை நான் கட்டம் போட்டு எழுதித் தருவேன். செய்த நாளில் அம்மா டிக் போட வேண்டும். வாரம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். பெரும்பாலான அம்மாக்கள் அந்த வாரத்து டிக் எல்லாவற்றையும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒரே பேனாவால் ஒரே மூச்சில் போட்டுவிடுவார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போடுவேன். கட்டம் நிரம்பியிருந்தால் எனக்குத் திருப்தி.

செய்யாத நாளின் கட்டத்தை டிக் போடாமல் விட்டு நோட்டைக் கொண்டுவந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் சுமதி.

சுமதிக்கு வெள்ளானூர். கணவன் ஏழுமலை தண்ணி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். நிலம் வைத்திருந்த பழைய குடும்பம். நிலம் பிளாட்டானதும் லாரி வந்தது. சுமதி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவள், பெண்ணுக்காக வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே மிஷின் போட்டிருந்தாள். பெண் பவித்ரா, பவி. வந்தபோது ஆறு வயது. இரண்டு கால்களும் இறுகி, கத்தரிக்கோல் போலக் குறுக்கே போகும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான்கைந்து அடி வைப்பாள். பேச்சு வரும், ஆனால் ஒரு வார்த்தை வெளியே வர நேரமாகும். காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கிற ஆள் இல்லை. பாதியிலேயே நானே வாக்கியத்தை முடித்துவிடுவேன்.

வெள்ளானூரிலிருந்து பஸ்ஸில் ஆவடி, அங்கிருந்து ரயில், பிறகு அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டு. இவ்வளவும் ஆறு வயதுப் பெண்ணை இடுப்பில் சுமந்துகொண்டு. வாரத்தில் மூன்று நாள் வந்தாள். ஒருநாள்கூடத் தாமதம் இல்லை. இவளைத்தான் நான் பிறகு அவள் கணவனே சோம்பேறி என்று சொல்லும்படி வைத்தேன்.

முதல் சில மாதங்கள் அவள் நோட்டில் எல்லா நாளும் டிக் இருந்தது, நிஜமான டிக். பிறகு இடைவெளி விழ ஆரம்பித்தது. டிக் இல்லாத நாளில் காரணம் எழுதியிருப்பாள். வளைந்து வளைந்து போகும் கையெழுத்தில் ஒரே வரி:

"கடுப்பு. செய்யல."

அடுத்த வாரம் இரண்டு இடத்தில், அதற்கடுத்த வாரம் மூன்று இடத்தில். நான் சிரித்துக்கொண்டேன். இப்போது எல்லார் வாயிலும் அந்த வார்த்தைதான் இருக்கிறது. பஸ் வரவில்லையா, கடுப்பு. மேனேஜர் திட்டினாரா, கடுப்பு. பெண்ணுக்கு மூட் சரியில்லையாம், அதனால் அம்மா விட்டுவிட்டாளாம். அப்படித்தான் படித்தேன்.

"என்ன சுமதி இது" என்றேன். "கடுப்பு எனக்கும்தான் இருக்கு. நான் வேலைக்கு வரலையா?"

பெஞ்சில் இருந்த அம்மாக்கள் சிரித்தார்கள். சுமதி சிரிக்கவில்லை. நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். நான் கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன்: குழந்தை எரிச்சல்படுகிறது, ஒத்துழைப்பதில்லை, தாய் விட்டுக்கொடுக்கிறாள்.

அவள் எழுதியது எரிச்சலை இல்லை. கால் கடுக்கிறது என்பதை. வலிக்கிறது என்பதை. நான் சொன்ன பதிலையும் அவள் அப்படித்தான் கேட்டிருக்கிறாள்: எனக்கும்தான் கால் வலிக்கிறது, நான் வேலைக்கு வரவில்லையா. சொல்லிப் பாருங்கள், அந்த வாக்கியம் இரண்டு அர்த்தத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும். அதனால் இரண்டு பேருக்குமே சந்தேகம் வரவில்லை.

ரொம்ப வருடம் நான் இந்த வார்த்தையின் மேலேயே பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்த்தேன். தமிழில் ஒரு குழப்பம், யார் என்ன செய்ய முடியும் என்று. அது உண்மை இல்லை. ஏனென்றால் ஒரு மாதம் கழித்து சுமதி என்னிடம் நேராகவே சொன்னாள்.

"சார், முட்டியத் தொட்டுத் தொட்டுக் காட்றா சார். நோவுதுன்னு சொல்லுது."

முழங்காலைப் பார்த்தேன். மடக்கினேன், நீட்டினேன், அழுத்தினேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை. "முட்டி நல்லாத்தான் இருக்கு. பயிற்சியிலிருந்து தப்பிக்கிற வழி இது" என்றேன். பவி என்னைப் பார்த்தபடி வாயைத் திறந்தாள். வார்த்தை வருவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

நீங்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அடித்துக்கொள்ள வேண்டும். இடுப்பு மூட்டு நழுவும்போது வலி முழங்காலில் தெரியும். இது நமக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லித் தரப்பட்ட பாடம். நானே மாணவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். இறுகிய கால் உள்ள குழந்தைக்கு வருடம் ஒருமுறை இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றும் அதே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பவிக்கு எடுக்கவில்லை. நிற்கிற பெண்தானே, நன்றாக வருகிறாளே என்று இருந்துவிட்டேன்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. ஏழுமலையை வரச் சொன்னேன். லாரியை ரோட்டில் நிறுத்திவிட்டு, ஈர லுங்கியோடு வந்து நின்றான். "உங்க வீட்டம்மாவுக்கு இளகின மனசு. புள்ள அழுதா விட்டுடுறாங்க. நீங்க கொஞ்சம் கண்டிப்பா பார்த்துக்கணும்" என்றேன். அவன் தலையாட்டினான். நோட்டை வாங்கிப் புரட்டிக் காலியாக இருந்த கட்டங்களை எண்ணினான்.

அன்றிலிருந்து சாயங்காலங்களில் பவியின் காலை இழுத்து விரிக்கும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். அவள் கத்துவாளாம். சுமதி அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாளாம். "சார் சொல்லிட்டாரு" என்பானாம் அவன். நோட்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது. நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு சுமதி வேறொன்றைச் சொன்னாள். "சார், பேன்ட் தெக்கிறப்ப எடது காலு அர இஞ்சு கம்மியா வெக்க வேண்டிக்கீது." இறுக்கம், இழுத்தால் சரியாகும் என்றேன். மூன்று மாதம் கழித்து அவள் ஒரு பேன்ட்டையே கொண்டுவந்து என் மேஜையில் விரித்தாள். இடது கால் ஒன்றரை இஞ்சு குறைவாகத் தைத்திருந்தது.

"இது அவளுக்கு சரியா கீது சார். நீங்களே போட்டுப் பாருங்க."

சத்தம் போடவில்லை. கெஞ்சவும் இல்லை. துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர் முன்னால் பீஸைக் காட்டுவது போலக் காட்டினாள். நான் பவியை மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு முழங்காலையும் மடக்கி நிறுத்தினேன். இடது முழங்கால் கீழே இருந்தது. தொடையை விரித்துப் பார்த்தேன். என் உள்ளங்கை அகலத்துக்குமேல் விரியவில்லை. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது, எக்ஸ்ரே வருவதற்கு முன்பே.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினேன். "வழக்கமான பரிசோதனையின்போது கால் நீளத்தில் வித்தியாசம் இருப்பதைக் கண்டேன்" என்று எழுதினேன். கண்டது சுமதி. அவள் என் எதிரே உட்கார்ந்து, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் படிக்க அவளுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். அக்கறையால் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பயத்தால்தான். சர்ஜன் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தை விட்டு வெளியே வந்திருந்தது.

"வலி இருந்துச்சாம்மா? எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"ஒரு வருசத்துக்கு மேல கீது சார். காலு கடுக்குது, கடுக்குதுன்னு அழும். கடுப்புன்னு நோட்டுல எழுதிகினேதான் வந்தேன்" என்றாள் சுமதி.

அங்கேதான் எனக்கு அந்த வார்த்தை புரிந்தது. ஒத்துழைப்பதில்லை என்று நான் எழுதிய அத்தனை வரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன.

சர்ஜன் சொன்னார்: "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா தசையை மட்டும் தளர்த்திவிட்டுப் பார்த்திருக்கலாம். இப்ப எலும்பை வெட்டித்தான் வைக்கணும். இனிமே நிக்கிறது கஷ்டம்தான்."

ஏழுமலையின் முகம் கறுத்தது. "எக்சர்சைஸ ஒழுங்கா செஞ்சிருந்தா இப்டி ஆயிருக்காதுல்ல சார்? இவ பாதி நாளு செய்யாம உட்டுட்டா."

சர்ஜன் அடுத்த படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் உங்க பிசியோ சார்தான் சொல்லணும்" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

ஏழுமலை என்னைப் பார்த்தான். சுமதியும் பார்த்தாள். பயிற்சி செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் அந்த மூட்டு நழுவியிருக்கும். பார்த்திருக்க வேண்டியது நான். வலிக்கிற காலை இழுக்கச் சொன்னதும் நான். இது எனக்கு அந்தக் கணத்தில் முழுதாகத் தெரியும். வெளியே வரிசை நின்றது, சர்ஜன் காதில் விழும், என் பெயர் என்னாகும் என்று ஓடியது புத்தி.

"எக்சர்சைஸ் முக்கியம்தான்" என்றேன்.

இரண்டே வார்த்தை. பொய் என்று யாரும் சொல்ல முடியாது. சுமதி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் மறுத்துப் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தால் இன்றும் எனக்கு வியர்க்கிறது, ஏனென்றால் நான் அதற்கும் ஏதாவது பதில் வைத்திருப்பேன்.

ஆபரேஷன் நடந்தது. மார்பு வரை மாவுக்கட்டு. வலி போயிற்று, அதுவரை நல்லது. ஆனால் கம்பியைப் பிடித்து நின்ற பெண் பிறகு நிற்கவில்லை. கட்டுப் பிரிப்பதற்கு முன்பே, ஃபைலில் சேர்க்க வேண்டும் என்று சொல்லி சுமதியிடமிருந்து நோட்டை வாங்கிக்கொண்டேன். ஃபைலில் சேர்க்கவில்லை. என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. நாம் புதிய கட்டடத்துக்கு மாறியபோது பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். தவறுதலாகப் போய்விட்டது என்று உங்களில் யாரிடமோ ஒருமுறை சொல்லியிருக்கிறேன். தெரிந்தேதான் போட்டேன்.

சுமதி மையத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வெள்ளானூர்ப் பக்கத்திலிருந்து வரும் இன்னொரு அம்மா எப்போதாவது செய்தி சொல்வாள். "பாவம் சார் சுமதி. கல்யாணம், காரியம், எங்க போனாலும் ஊட்டுக்காரரு சொல்லிக் காட்றாரு. இவ செஞ்சிருந்தா புள்ள நடந்திருக்கும், சாரே சொன்னாருன்னு." அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுவேன். அடுத்த வாரம் போய்ப் பேசிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஆவடிக்கு அந்தப் பக்கம் என்ன அமெரிக்காவா? அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஏழு வருடம் போகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சக்கர நாற்காலி வழங்கும் முகாம். அளவெடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன். வரிசையில் பவியைத் தூக்கிக்கொண்டு ஏழுமலை வந்தான். பதினான்கு வயதுப் பெண். பின்னால் சுமதி, கையில் பையோடு. ஏழுமலை என்னைப் பார்த்ததும் மரியாதையாகக் கும்பிட்டான். அந்தக் கும்பிடு எனக்கு அறை வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

பெயர் பதிகிற பெண் கேட்டாள்: "முன்னாடி நின்னிருக்காங்களா? நடந்திருக்காங்களா?"

"கம்பி புடிச்சு நின்னுகினு இருந்த புள்ளம்மா" என்றான் ஏழுமலை. "அவங்கம்மா எக்சர்சைஸ் செய்யாம உட்டுட்டா. நான் சொல்லல, இதோ சாரே கீறாரு, கேட்டுக்கோ."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஆதார் எண்ணைச் சொல்வது போலச் சொன்னான். அவ்வளவு தடவை சொல்லிப் பழகியிருந்தான். அவன் நாற்காலியில் இறக்கி உட்கார வைத்திருந்த பவி மண்டபத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுமதி பையின் காதைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பதிகிற பெண் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இல்லை ஏழுமலை" என்றேன். "அவங்க செய்யாததால இல்லை. செஞ்சிருந்தாலும் அது நழுவியிருக்கும். வலிக்குதுன்னு சுமதி நோட்டுல எழுதினாங்க, நான் தப்பாப் படிச்சேன். முட்டி நோவுதுன்னு வாயால சொன்னாங்க, நான் நம்பல. காலு குட்டையா இருக்குன்னு கண்டுபிடிச்சதும் அவங்கதான். எக்ஸ்ரே எடுக்க வேண்டியது நான், எடுக்கல. அன்னிக்கு ஆஸ்பத்திரில கேட்டீங்க. உண்மையைச் சொல்லாம மழுப்பிட்டேன். தப்பு என்னோடது."

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

"இன்னா சார் சொல்றீங்க" என்றான் ஏழுமலை. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். "நான் இழுத்தேனே சார், அந்தக் கால. கத்தக் கத்த இழுத்தேனே." அவன் கையை அவனே பார்த்துக்கொண்டான். என் தப்பைச் சொல்லி முடித்தால் சுமை இறங்கும் என்று நினைத்திருந்தேன். பாதியை அவன் தலையில் இறக்கி வைத்திருந்தேன்.

சுமதி என்னைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏழு வருசமா இதையேதான் சொல்லிகினு இருந்தேன். நான் சொன்னப்ப நம்பல நீ. சார் ஒரு வாட்டி சொன்னதும் நம்பிட்ட."

அழுவாள் என்று நினைத்தேன், என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அளவு எடுங்க சார். பின்னாடி ஆளுங்க நின்னுகினு கீறாங்க" என்றாள்.

டேப்போடு பவியின் முன் குனிந்தேன். தொடையில் வைக்கப் போன கையை நிறுத்தி, "எங்கயாவது வலிக்குதா பவி?" என்று கேட்டேன். அவள் வாய் திறந்தது. வார்த்தை வரத் தொடங்கி நின்றது, மறுபடி தொடங்கியது. இந்த முறை நான் எழுந்து போகவில்லை, அவளுக்காக எதையும் முடிக்கவும் இல்லை.

"அப்ப… கேக்கல" என்றாள்.

டேப்பைக் கீழே வைத்தேன். "இல்லம்மா, கேக்கல" என்றேன்.